அந்தப் பக்கம் ஒரு கம்பி

காருக்குக் கூண்டு போட வேண்டும் என்று என் மகன் முதல்முறை சொன்னபோது, "உன்னைத்தான் கூண்டுல போடணும், காருக்கு எதுக்கு?" என்று கேட்டேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். முப்பது வருஷமாகத் தையல் மிஷின் முன்னால் உட்கார்ந்து, குண்டூசியைப் பல்லில் கடித்துக்கொண்டே பேசுகிறவள், அதனால்தான் வாயைத் திறந்தால் குத்துகிறது என்பான் அவன்.

அவன் கார்ப் பந்தயக்காரன். டிவியில் காட்டுகிற பெரிய பந்தயம் எல்லாம் இல்லை. காட்டோரத்து மண் ரோட்டில் ஒவ்வொரு காராக அவிழ்த்து விடுவார்கள், யார் குறைந்த நேரத்தில் வந்து சேர்கிறாரோ அவருக்குக் கோப்பை. காரில் இரண்டு பேர் இருப்பார்கள். ஒருவன் ஓட்டுவான். இன்னொருவன் பக்கத்தில் உட்கார்ந்து, அடுத்த வளைவு எங்கே வரும், எவ்வளவு வளையும் என்று முன்பே எழுதிவைத்த நோட்டைப் பார்த்து வாசித்துக்கொண்டே வருவான். என் மகன் ஓட்டுகிறவன். மற்ற நாளில் டயர் கடையில் வேலை. சம்பளம் கைக்கு வரும் முன்பே பெட்ரோலாகிப் போய்விடும். இவனுக்கு நாலு வயது இருக்கும்போது இவன் அப்பா போய்ச் சேர்ந்தார், அதுவும் நெஞ்சுவலியில், வீட்டு நாற்காலியில் உட்கார்ந்தபடி. இந்த வேகம் எந்த வழியில் வந்து ஒட்டிக்கொண்டது என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

கூண்டு என்றால் என்ன என்று எனக்குப் புரிந்தது அந்த வருஷத்து முதல் பந்தயத்தில்தான். யாரோ ஒருவனுடைய கார் என் கண்ணெதிரே உருண்டது. நிமிர்த்தி வைத்தபோது கூரை சீட்டின் தலைமாட்டைத் தொட்டுக்கொண்டிருந்தது. உள்ளே இருந்தவனை வெளியே எடுத்த விதத்தைச் சொல்ல எனக்கு மனசில்லை. அதே நாள் மத்தியானம் இன்னொரு காரும் உருண்டது, மூன்று குட்டிக்கரணம். அதற்குள்ளே இரும்புக் குழாயால் கூண்டு கட்டியிருந்தார்கள். ஓட்டினவன் இறங்கி, சட்டையைத் தட்டிவிட்டு, குடிக்கத் தண்ணீர் கேட்டான்.

வீட்டுக்கு வந்ததும் சொல்லிவிட்டேன். "கூண்டு இல்லாம இனிமே வண்டியில ஏறின, என்னை நீ பார்க்க முடியாது."

"அதைத்தானேம்மா மூணு மாசமா கேட்டுக்கிட்டிருக்கேன்" என்றான்.

கேட்டது அவன், பணம் கொடுக்க வேண்டியவள் நான். அதனால் கடை கடையாக நானும் கூடப் போனேன். துணி எடுக்கப் போகும்போது கூட வருகிற அம்மாவைப் பார்ப்பதுபோல என்னை ஒரு மாதிரி பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

முதல் கடையில் ரெடிமேட் கூண்டு. பெட்டியில் வரும், நட்டு போல்ட்டில் பூட்டிக்கொள்ளலாம், விலையும் பாதி. ரெடிமேட் என்ற சொல்லைக் கேட்டதுமே என் முகம் போன போக்கைப் பார்த்து மகன் சிரித்துவிட்டான். எங்கள் தெருவில் ரெடிமேட் துணிக்கடை வந்த பிறகுதான் என் பிழைப்பு பாதியாகிப் பள்ளிக்கூடச் சீருடை தைக்கிற நிலைமைக்கு வந்தேன். கடைக்காரர் ஒரு காரில் பூட்டிக் காட்டினார். குழாய்க்கும் கூரைக்கும் நடுவில் என் கை முழுசாக நுழைந்தது.

"எல்லா வண்டிக்கும் சேரணும்னா கொஞ்சம் இடைவெளி இருக்கத்தான் செய்யும்" என்றார் அவர்.

"எல்லா உடம்புக்கும் சேர்ற சட்டையை நானும் பார்த்திருக்கேன், தம்பி. ஒரு உடம்புக்கும் சேராது" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன்.

இரண்டாவது கடையில் கண்ணாடிக் கதவு, குளுகுளு அறை, குடிக்கக் காப்பி. அங்கே ஏதோ கலப்பு உலோகக் குழாயாம், சாதாரண இரும்பைவிட எடை குறைவாம். எஸ்டிமேட் காகிதத்தைக் கையில் கொடுத்தார்கள். குழாய் எடை குறைவுதான், விலையைத்தான் தூக்க முடியவில்லை. காப்பியைக் குடித்து முடித்துவிட்டு மரியாதையாக எழுந்து வந்துவிட்டோம்.

மூன்றாவது ஆள்தான் கூண்டுக்காரர். மரக்கடைக்குப் பின்னால் தகரக் கொட்டகை. தரை முழுக்க இரும்புத்தூள். சுவரோரம் குழாய் வளைக்கிற இயந்திரம் ஒன்று, அதன் கைப்பிடியில் பழைய துண்டு சுற்றியிருந்தது. ஐம்பது வயது இருக்கும், அதிகம் பேசாத மனுஷர். என்னை அக்கா என்று கூப்பிட்டார். விலையைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல் முதலில் டேப்பை எடுத்தார். அளவு எடுக்கிற கையைப் பார்த்தாலே எனக்கு ஆள் தெரிந்துவிடும். காரின் உள்ளே கம்பளம், பின்சீட்டு, கதவு அட்டை எல்லாவற்றையும் கழற்றச் சொல்லி, வெறும் தகரத்தில் ஒவ்வொரு இடத்தையும் இரண்டு தடவை அளந்து சாக்பீஸால் எழுதினார். ஒரு தடவை அளந்து ஒரு தடவை வெட்டுகிறவனை நான் நம்புவதில்லை.

பிறகு இரண்டு துண்டுக் குழாயை என் கையில் கொடுத்தார். "இதுல விரலை உள்ளே விட்டுப் பாருங்க அக்கா. ஒரு கோடு தட்டுப்படுதா? தகட்டைச் சுருட்டி ஓரத்தை ஒட்டினது. வண்டி உருண்டா அந்த ஒட்டுலதான் பிரியும். இன்னொண்ணுல கோடே இருக்காது. அதுதான் நான் போடுவேன். விலை குறைக்கணும்னா வேற எங்க வேணும்னா குறைங்க, குழாய்ல குறைக்க மாட்டேன்."

தையல் பிரிந்தால் துணி என்ன ஆகும் என்று எனக்கா சொல்லித் தர வேண்டும்? "இதையே போடுங்க" என்றேன்.

மறுநாள் ஆளை உட்கார வைத்து அளவு எடுக்க வரச் சொன்னார். ஹெல்மெட்டோடு உட்கார வேண்டும், ஹெல்மெட்டுக்கும் குழாய்க்கும் நடுவில் இத்தனை விரல் இடைவெளி வேண்டும், பெல்ட் வந்து சேர்கிற கம்பி தோளுக்கு நேராக வேண்டும் என்று அவருக்கு ஆயிரம் கணக்கு. மகன் ஒரு சீட்டில் உட்கார்ந்தான். மற்ற சீட்டில் உட்கார வந்தவனை அன்றுதான் முதன்முதலில் நிதானமாகப் பார்த்தேன்.

பந்தயத்தில் அவனை நோட்டு என்றுதான் கூப்பிடுவார்கள். நோட்டைப் பார்த்து வாசிக்கிறவன், அதனால் நோட்டு. குச்சி மாதிரி இருப்பான். பேண்ட் அவனைவிட நீளம், செருப்புக்கு அடியில் மிதிபட்டுக் கிழிந்திருந்தது.

"ஏம்ப்பா, தெருவைப் பெருக்கவா இந்த பேண்ட்டு?" என்றேன்.

"உங்க கடைக்கு வரணும்னுதாம்மா வெட்டாம வெச்சிருக்கேன்" என்றான். யார் அம்மாவையும் அம்மா என்றே கூப்பிடுகிற ரகம். அன்றே மடித்துத் தைத்துக் கொடுத்தேன். காசு வாங்கவில்லை. மகனுடைய காரில் ஒரே வருஷத்தில் அவன் நாலாவது ஆள். முன்னால் இருந்த மூன்று பேரும் கல்யாணம், வேலை, பயம் என்று ஒவ்வொரு காரணம் சொல்லிப் போய்விட்டார்கள். இவன் எத்தனை நாளோ என்று நினைத்தேன்.

எஸ்டிமேட் வந்தது. எனக்குப் பணத்தைப் பணமாக நினைத்துப் பழக்கமில்லை, சீருடைத் தையல் கூலியாகத்தான் நினைப்பேன். கூண்டுக்காரர் எழுதிக் கொடுத்த தொகை நானூற்று இருபது சீருடை. அந்த வருஷம் பள்ளிக்கூடம் கொடுத்த ஆர்டர் முந்நூற்று ஐம்பது. மீதி எழுபதை எங்கே குறைப்பது என்று அவர் கொட்டகையில், கவிழ்த்துப் போட்ட பெயின்ட் டப்பாவின் மேல் உட்கார்ந்து பேசினோம். மகன் டயர் கடைக்குப் போயிருந்தான். நானும் அவரும் மட்டும்.

பெயின்ட் வேண்டாம், மகனே அடித்துக்கொள்வான் என்றேன். இருபது போனது. தலை படுகிற குழாய்க்குச் சுற்றுகிற பஞ்சுக்கு உறை நானே தைக்கிறேன் என்றேன். பதினைந்து போனது. கூலியில் கொஞ்சம் பாருங்க தம்பி என்று இழுத்தேன். அவர் பெருமூச்சு விட்டு இன்னொரு பதினேழைக் கழித்தார். இன்னும் பதினெட்டு.

துணி பத்தவில்லை என்றால் என் தொழிலில் ஒரு வழி உண்டு. வாடிக்கைக்காரர் கொண்டு வருகிற துணி எப்போதும் அரை கஜம் குறைவாகத்தான் இருக்கும். முன்பக்கம் முழுத் துணியில் வெட்டுவேன். இடுப்புப் பட்டியின் உள்ளே, பாக்கெட்டின் பின்னே, கை மடிப்புக்குள்ளே ஒட்டுப் போடுவேன். யார் கண்ணும் போகாத இடமாகப் பார்த்து மட்டமான துணியை வைப்பேன். இதில் ஏமாற்று ஒன்றும் இல்லை, எல்லாத் தையல்காரரும் செய்வதுதான். முப்பது வருஷத்தில் ஒரு சட்டைகூடத் திரும்பி வந்தது கிடையாது.

"தெரியாத இடம்னு எது இருக்கு இதுல?" என்று கேட்டேன்.

கூண்டுக்காரருக்குப் புரியவில்லை. விளக்கிச் சொன்னேன். அவர் தலையை ஆட்டினார். "கூண்டுல அப்படி ஒரு இடம் இல்லக்கா. எந்தப் பக்கம் உருளும்னு வண்டி சொல்லிட்டா உருளுது?"

நான் விடவில்லை. அவர் வரைந்த படத்தை மடியில் விரித்து, ஒவ்வொரு கோடாக இது எதற்கு, இது எதற்கு என்று தொட்டுக் கேட்டேன். சீட்டுக்குப் பின்னால் பெரிய வளைவு, முன்கண்ணாடியை ஒட்டி இன்னொன்று, தரையில் ஆறு இடத்தில் பற்றவைக்கிற தட்டு. இரண்டு கதவுப் பக்கமும் பெருக்கல் குறி மாதிரி இரண்டிரண்டு கம்பி.

"கதவுக்கு ரெண்டு கட்டாயமா?"

"விதிப்படி ஒண்ணு போதும். பக்கவாட்டுல இடி விழுந்தா கதவு உள்ளே வராம இருக்க நான் எப்பவும் ரெண்டாத்தான் போடுவேன்."

"ஒரு பக்கத்துக் கம்பி ஒண்ணைக் குறைச்சா எவ்வளவு குறையும்?"

அவர் கணக்குப் போட்டார். குழாய், வெட்டு, இணைப்புத் தட்டு, வெல்டிங். கிட்டத்தட்ட பதினெட்டு சீருடை.

என் விரல் படத்தின் மேல் இருந்தது. "இது என் பையன் பக்கம். இங்க ரெண்டு போடுங்க. அந்தப் பக்கம் ஒண்ணு போதும்."

அவர் வெல்டிங் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார். "அந்தப் பக்கமும் ஒரு ஆள்தானே அக்கா உக்காரப் போறான்."

"விதி ஒண்ணுதானே கேக்குது?"

"விதி கேக்குறது ஒண்ணுதான்."

"அப்புறம் என்ன. காசு கொடுக்கறவ நான்."

பணம் உண்மையிலேயே இல்லை என்றால் இந்தக் கதையைச் சொல்லவே வேண்டியதில்லை. இருந்தது. புது ஓவர்லாக் மிஷின் வாங்க நான் தனியாக எடுத்து வைத்திருந்தேன், நூறு சீருடைக்கு மேலேயே வரும். பழையது ஓரம் அடிக்கும்போது நூலைத் தின்றுகொண்டிருந்தது, வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிச் சேர்த்த பணம், அதில் கை வைக்கக் கூடாது என்று ஒரு பிடிவாதம். மறுமாதமே மிஷினை வாங்கிவிட்டேன். நல்ல மிஷின்.

கூண்டு பதினாறு நாளில் முடிந்தது. பார்க்கப் போனபோது எனக்கே பெருமையாக இருந்தது. கூரையோடு ஒட்டி, தூணோடு ஒட்டி, உடம்புக்கு அளந்து தைத்த சட்டை மாதிரி உட்கார்ந்திருந்தது. மகன் குனிந்து உள்ளே போனான். தன் பக்கத்துக் கதவைப் பார்த்தான், மற்றப் பக்கத்தைப் பார்த்தான்.

"என்னம்மா இங்க ஒண்ணுதான் இருக்கு?"

"விதி அவ்வளவுதான்னு சொன்னாரு. அடுத்த வருஷம் போட்டுக்கலாம்."

அவன் கூண்டுக்காரரைப் பார்த்தான். அவர் வேறு ஏதோ வேலையில் இருந்தார். "சரி" என்றான் மகன். நோட்டுவும் அப்போது வந்து, அவன் சீட்டில் ஏறி உட்கார்ந்து, மேலே குழாயைத் தட்டிப் பார்த்து, "அரண்மனை மாதிரி இருக்கும்மா" என்றான். எனக்குச் சுருக்கென்று இருந்தது. ஆனால் அது வீடு வந்து சேர்வதற்குள் போய்விட்டது.

இரண்டு பந்தயம் நல்லபடியாக முடிந்தது. மூன்றாவதற்கு நான் போகவில்லை, பள்ளிக்கூடம் திறக்கிற சமயம், சீருடை மலைபோல் குவிந்து கிடந்தது. மத்தியானம் மூன்று மணிக்குப் போன் வந்தது. மகன் குரல்.

"அம்மா, எனக்கு ஒண்ணும் இல்ல."

முதலில் அதைச் சொன்னான். கேட்டதும் வெட்டுமேசையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். கார் பக்கவாட்டில் சறுக்கிப் போய் மரத்தில் மோதியது, உருளவில்லை, நான் நடந்துதான் வெளியே வந்தேன் என்றான். "அடி ஏதாவது பட்டுச்சா, தலை சுத்துதா, டாக்டர் பார்த்தாங்களா, உட்காரு, நிக்காதே" என்று நான் மூச்சு விடாமல் பேசினேன். அவன் எல்லாவற்றுக்கும் பதில் சொன்னான்.

"அவனைப் பத்திக் கேக்கவே மாட்டியாம்மா?" என்றான்.

மோதியது நோட்டுவின் பக்கம். கதவு உள்ளே வந்து சீட்டையும் தொடையையும் சேர்த்து நசுக்கியிருந்தது. தகரத்தை அறுத்து அவனை எடுக்க நாற்பது நிமிஷம் ஆனது. அந்த நாற்பது நிமிஷமும் என் மகன் ஜன்னல் வழியாக அவன் கையைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறான். ஆஸ்பத்திரியில் மூன்று நாள் பார்த்தார்கள், நாலாவது நாள் அவனுடைய ஒரு காலை முழங்காலுக்கு மேலே வெட்டி எடுத்துவிட்டார்கள்.

நான் தினமும் சாப்பாடு கட்டிக்கொண்டு போனேன். வெளியூரில் இருந்து அவன் அக்கா வந்திருந்தாள். கைக்குழந்தைக்காரி, ஒரு வாரத்துக்கு மேல் இருக்க முடியவில்லை. போகும்போது என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். "நீங்க கூண்டு போட்டிருக்கலேன்னா என் தம்பி உயிரோடவே இருந்திருக்க மாட்டான்னு எல்லாரும் சொன்னாங்க. நீங்க நல்லா இருக்கணும்" என்றாள். வாய் நீளமானவள் என்று சொன்னேன் அல்லவா, அன்று அந்த வாயிலிருந்து ஒரு சொல் வரவில்லை.

காரை இழுத்து வந்து கூண்டுக்காரர் கொட்டகையில் போட்டிருந்தார்கள். ஒருநாள் தனியாகப் போனேன். அந்த ஒற்றைக் கம்பி நடுவில் மடங்கி உள்ளே வந்திருந்தது. வெல்டிங் ஓர் இடத்திலும் விடவில்லை. அவர் கட்டைவிரலால் அந்த மடிப்பைத் தடவிக்கொண்டே நின்றார்.

"ரெண்டு இருந்திருந்தா?" என்று கேட்டேன்.

"இருந்திருந்தாலும் கால் போயிருக்கலாம். போகாமலும் இருந்திருக்கலாம். எனக்குத் தெரியாதுக்கா." பிறகு என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். "அன்னைக்கு நீங்க சொன்னதும் நான் முடியாதுன்னு சொல்லியிருக்கணும். ஒரு கம்பியை என் செலவுல போட்டிருந்தா என் குடி ஒண்ணும் முழுகிப் போயிருக்காது. தினமும் அதைத்தான் நினைச்சுக்கிட்டிருக்கேன்."

அவராவது யாரிடமாவது சொல்லிவிட்டார். எனக்குச் சொல்ல ஆள் இல்லை. மகன் என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டான். சண்டை போட்டால்கூடத் தேவலை. சாப்பிடு என்றால் சாப்பிடுவான், சட்டையைக் கொடு என்றால் கொடுப்பான். காரைக் காயலான் கடைக்குப் போட்டுவிட்டான். பந்தயம் என்ற பேச்சே இல்லை. காலையில் டயர் கடை, சாயங்காலம் வீடு, சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பான். பிள்ளைக்கு ஒன்றும் ஆகக்கூடாது, இந்தச் சனியன் பிடித்த பந்தயத்தை விட்டுத் தொலைக்க வேண்டும் என்றுதானே இத்தனை வருஷம் வேண்டிக்கொண்டேன். இரண்டும் நடந்துவிட்டது. அவன் என் மேல் கோபமாக இருக்கிறான், ஒருநாள் வெடிப்பான், அப்போது என்ன சொல்லிச் சமாளிப்பது என்று மிஷினை மிதித்துக்கொண்டே யோசிப்பேன். மிதித்து மிதித்துக் கால் வலித்ததே தவிர ஒரு பதிலும் அகப்படவில்லை.

மூன்று மாதம் கழித்து ஒரு காலையில் நோட்டு என் கடைக்கு வந்தான். இரண்டு கக்கத்திலும் ஊன்றுகட்டை. கழுத்தில் ஒரு துணிப்பை தொங்கியது. வாசல்படி ஏறத் திணறினான். நான் எழுந்து ஓடினேன். "பிடிக்காதீங்கம்மா, நானே பழகணும்" என்றான். ஸ்டூலில் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டு, பையிலிருந்து நாலு பேண்ட்டை எடுத்து வெட்டுமேசையில் வைத்தான்.

"இதுல எல்லாம் ஒரு கால் மட்டும் வெட்டி மூடித் தைக்கணும்மா. தொங்கிக்கிட்டே இருந்தா கட்டையில மாட்டுது. நேத்துகூட விழப் பார்த்தேன்."

மேலே இருந்தது நான் மடித்துத் தைத்துக் கொடுத்த அதே வகைப் பேண்ட்டுதான், ஆனால் புதுசு. கடையிலிருந்து வாங்கிப் போடாமலே வைத்திருந்தான் போல, விலைச்சீட்டுகூட எடுக்கவில்லை. அதைக் கையில் எடுத்தேன். அதற்கு மேல் என்னால் முடியவில்லை. உண்மையைச் சொல்லிவிட்டேன். பணம் இருந்தது, மிஷின் வாங்கினேன், விதி என்று சொன்னது வெறும் சாக்கு, உன் பக்கத்தில் குறைக்கச் சொன்னதே நான்தான் என்று எல்லாவற்றையும், அவன் முகத்தைப் பார்க்காமல், பேண்ட்டின் இடுப்புப் பட்டியைப் பார்த்துச் சொன்னேன்.

நான் முடித்த பிறகு, "தெரியும்மா" என்றான்.

"என்ன தெரியும்?"

"பணக் கதையெல்லாம் தெரியாது. முதல் நாள் ஏறி உக்காந்தப்பவே பார்த்தேன், அங்க ரெண்டு, இங்க ஒண்ணு. அது கண்ணுக்குத் தெரியாமலா இருக்கும்? உங்க பையன் என்னைப் பார்த்தான், நான் அவனைப் பார்த்தேன். ரெண்டு பேரும் வாயைத் திறக்கல."

"ஏன்டா கேக்கல?"

"கேட்டா, சரி, பணம் இல்ல, இஷ்டம் இருந்தா உக்காரு, இல்லேன்னா வேற ஆளைப் பார்த்துக்கறோம்னு சொல்லிட்டா? ஓட்டறவனுக்குத்தான் வண்டி. வாசிக்கறவன் நூறு பேர் நிக்கறான். எனக்கு அந்த சீட்டு கிடைச்சதே பெரிசு." கட்டையின் ரப்பர் முனையால் தரையில் கிடந்த நூல் துண்டை நகர்த்திக்கொண்டிருந்தான். "அவன் உங்க மேல கோவமா இருக்கான்னு நினைக்கறீங்களா? இல்லம்மா. பார்த்துட்டும் சும்மா இருந்துட்டேனேன்னுதான் என்கிட்ட வந்து அழுவறான். எனக்கு அவனைத் தேத்தவே நேரம் பத்தல."

அவன் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"உன் மனசுல என் மேல ஒண்ணுமே இல்லையா?" என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. திட்டு வாங்கினால் பாரம் இறங்கும் என்று ஒரு நப்பாசை.

யோசித்துத்தான் பதில் சொன்னான். "நீங்க உங்க பிள்ளைக்கு ரெண்டு கேட்டு வாங்கினீங்க. அது தப்பாம்மா? எங்கம்மா இருந்திருந்தா அவங்களும் அங்க வந்து நின்னு, என் பிள்ளை பக்கமும் ரெண்டு போடுன்னு சண்டை பிடிச்சிருப்பாங்க. என் பக்கம் கேக்க ஆள் இல்ல. அவ்வளவுதான் விஷயம்."

நான் டேப்பை எடுத்துக்கொண்டு அவன் முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்தேன். எதுவரைக்கும் வேண்டும் என்று கேட்டேன். இங்கே வரைக்கும் என்று கையை வைத்துக் காட்டினான். அந்த இடத்தில் சாக்பீஸால் கோடு போட்டேன்.

ஒன்றை மட்டும் அவனிடம் அன்றும் சொல்லவில்லை. ஹெல்மெட்டோடு அவனை உட்கார வைத்து அளவு எடுத்தார்களே, அன்று அவன் பேண்ட்டை மடித்துத் தைத்துக்கொண்டே, வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று அவனைக் கேட்டேன். அம்மா இல்லை, அப்பா இல்லை, ஒரே அக்கா, அவளும் தூரத்தில் என்றான். அதைக் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகுதான் மறுநாள் கூண்டுக்காரரின் படத்தில் அந்தப் பக்கம் விரலை வைத்தேன்.